பாட்டனைக் காத்தல்: காலப் பயண முரண் பற்றிய ஒரு மறுநோக்கு

காலப் பயணக் கதைகளை வெறும் பொழுதுபோக்கு இலக்கியமெனத் திறனாய்வாளர் ஒதுக்கிவிடுவதுண்டு. அவற்றின் மையத்திலுள்ள தருக்கச் சிக்கல், வரலாறு பற்றிய சிக்கலுமாகும் என்பதை ஈண்டு நாம் எடுத்துக்காட்ட முனைகின்றோம்.

கடந்த காலத்துக்குச் செல்லும் ஒருவன், தன் தந்தை பிறக்குமுன்னர் பாட்டனைக் கொன்றால் அவன் பிறந்தது எங்ஙனம்? பிறவாதவன் கொல்வது எங்ஙனம்? அமெரிக்க மெய்யியலாளர் டேவிட் லூயிஸ் 1976இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு விடை கண்டார். துப்பாக்கியும் பயிற்சியும் உள்ளமையால் அவனாற் கொல்ல முடியும். பாட்டன் அன்று இறக்கவில்லை என்ற உண்மையையுஞ் சேர்த்து நோக்கின் முடியாது. ‘முடியும்’ என்ற சொல்லை இரு நிலைகளில் ஆள்வதாலேயே முரண் தோன்றுகின்றது என்பது அவரது முடிபு.

தருக்க அளவில் இவ்விடை போதுமானதே. ஆயின் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. லூயிஸ் காட்டும் பாட்டன் ஆயுத வியாபாரத்தாற் பொருளீட்டியவன். பேரனின் காலயந்திரமும் அச்செல்வத்தாற் பெறப்பட்டதே. லூயிஸ் இதனைச் சுவைக்காகக் கூறிக் கடந்துவிடுகின்றார். உண்மையான முரண் இங்குதான் உள்ளது எனலாம்.

ஒக்ரேவியா பற்லரின் ‘கின்ட்ரட்’ (1979) என்னும் நாவல் இம்முரணையே பொருளாகக் கொள்கின்றது. 1976இல் லொஸ் ஏஞ்சலிசில் வாழும் கறுப்பினப் பெண்ணான டேனா, அடிமைமுறை நிலவிய மேரிலாந்துக்கு மீண்டும் மீண்டும் இழுக்கப்படுகின்றாள். பண்ணை முதலாளியின் மகன் றூபஸின் உயிருக்கு ஆபத்து நேரும்போதெல்லாம் அவள் அவனைக் காக்க வேண்டியுள்ளது. அவன் அவளது மூதாதை. அலிஸ் என்னும் கறுப்பினப் பெண்ணை அடிமையாக்கித் தன் இச்சைக்குப் பணியவைத்து அவன் பெறும் மகளான ஹாகரின் வழியிலேயே டேனாவின் குலம் தோன்றுகின்றது.

இங்கு பாட்டன் முரண் தலைகீழாகின்றது. கொல்ல முடியுமா என்பதன்று வினா. காப்பதற்கான விலையை யார் செலுத்துவது என்பதே வினா. றூபஸின் ஆணையை அலிசிடம் எடுத்துச் செல்பவளும் டேனாவே. ஒடுக்கப்பட்டோரின் வழித்தோன்றல் தன் இருப்பின் பொருட்டே ஒடுக்குமுறைக்குத் துணைபோக நேர்கின்றது.

ஹாகர் பிறந்தபின், தன்னைப் பலாத்காரஞ் செய்ய முனையும் றூபஸை டேனா கொல்கின்றாள். 1976 யூலை 4ஆந் திகதி, அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் இருநூறாம் ஆண்டு நிறைவன்று, இடக்கையை இழந்து மீள்கின்றாள். றூபஸ் இறந்தபின் பண்ணையின் அடிமைகளோ விற்பனைக்கு விடப்படுகின்றனர். முதலாளி மாண்டான், முறைமை மாளவில்லை. தனியொருவரின் செயல் வரலாற்றை மாற்றாமைக்குக் காரணம் தருக்க விதியன்று, சமூக உறவுகளே என்பதை நாவல் இங்கு தெளிவுறுத்துகின்றது.

எனினும் அதன் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். ஹாகர் பிறந்த அதே 1831இல், அயலிலுள்ள வேர்ஜீனியாவில் நற் ரேணர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அத்தகைய கூட்டெழுச்சி நாவலின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றது. வரலாறு குடும்பக் கதையாகக் குறுகும் அபாயம் இதனால் நேர்கின்றது.

கடந்த காலத்தை மாற்றவியலாது என்பதில் லூயிஸுடன் நாமும் உடன்படுகின்றோம். ஆயின் அப்பாட்டன் விட்டுச்சென்ற செல்வமும் டேனா இழந்த கையும் நிகழ்காலத்துக்கு உரியவை. அவை பற்றிய கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை.