பெயரைத் தின்னும் வடிகட்டி

“எழுத்தும் எண்ணும் தவிர மற்றதையெல்லாம் நீக்கிவிடு.” படிவத்தின் பெயர்ப் பெட்டிக்குப் பின்னால் நிரலாளர்கள் பலர் எழுதிவைக்கும் விதி இது. கேட்டால் பாதுகாப்பு என்கிறார்கள்.

அச்சம் பொய்யல்ல. வரிகளின் திசையை மாற்றிக் காட்டும் ஒருங்குறி (யூனிகோட்) குறிகளைக் கொண்டு தீய நிரலை ஒளித்துவைக்க முடியும் என்று 2021இல் கேம்பிரிட்ஜின் நிக்கோலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும் காட்டினார்கள். 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்கு எழுத்துக்கோவை ஐபோன் செயலிகளை முடக்கியது. தமிழிலேயே எண் ௧-ஐயும் எழுத்து க-வையும் கண்ணால் பிரிப்பது கடினம். கவனம் வேண்டும், மறுக்கவில்லை.

ஆனால் நீக்குவது கவனமாகாது. ஒருங்குறியின் வகைப்பாட்டில் க ஓர் எழுத்து. காலும் கொம்பும் புள்ளியும் எழுத்துகளல்ல, சேர்க்கைக் குறிகள். பைத்தான் நிரல்மொழியோடு வரும், எழுத்துக்கோவைகளில் வடிவங்களைத் தேடும் ரெஜெக்ஸ் கருவி அவற்றைச் சொல்லின் பகுதியாக ஏற்பதில்லை. ஜாவாவின் எழுத்துச் சோதனையும் அப்படியே. இந்த வடிகட்டியில் ‘ஏற்காடு’ என்று இட்டால் ‘ஏறகட’ என்று வெளிவரும். சேர்வராயன் ‘சரவரயன’ ஆவார். நாகலூர் ‘நகலர’, வாழவந்தி ‘வழவநத’. பிழைச்செய்தி எதுவும் வராது. சிதைந்த பெயர் அப்படியே தரவுத்தளத்தில் குடியேறும். ராமுவும் ரமாவும் ‘ரம’ என்ற ஒரே ஆளாகிவிடுவார்கள்.

இதன் விலையை நிரலாளர் கொடுப்பதில்லை. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ்தான் கல்லூரிக்கும் வேலைக்கும் வழி. அதிலுள்ள பெயர் மற்ற ஆவணங்களோடு பொருந்தாவிட்டால், அதைத் திருத்த இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு அலைவது அந்தப் பிள்ளைதான்.

குறிகளையும் அனுமதித்துவிட்டால் தீர்ந்ததே என்பார்கள். தீராது. அடுத்தபடியாக, கண்ணுக்குத் தெரியாத இணைப்பான்களை நீக்குவார்கள். சிங்களத்தில் ‘ஸ்ரீ லங்கா’ என்று முறையாக எழுதவே அப்படியோர் இணைப்பான் வேண்டும். ஒரு நாட்டின் பெயரையே இந்த விதி உடைக்கும். பட்டியலை எவ்வளவு நீட்டினாலும், தனக்குத் தெரியாத எழுத்துமுறையைக் குப்பையாகக் கருதும் மனப்பான்மை மாறுவதில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

செய்யவேண்டியது ஒன்றும் புதிதல்ல. தரவுத்தள ஊடுருவலை, உள்ளிட்டதைக் கட்டளையோடு கலக்காமல் தனியே அனுப்பும் அளவுருவிட்ட வினவல் தடுக்கும். பக்கத்தில் காட்டும்போது வரும் ஆபத்தை அங்கேயே குறிமாற்றிக் காட்டுவது தடுக்கும். இரண்டுக்கும் பெயரைக் கிழிக்கத் தேவையில்லை. உண்மையிலேயே சந்தேகமான குறி வந்தால் படிவத்தை ஏற்காமல், எது பிரச்சினை என்று எழுதியவரிடமே சொல்லலாம், அவர் திருத்துவார். சத்தமில்லாமல் திருத்த நிரலுக்கு உரிமை ஏது?

பெயரைத் தேடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கொட்டச்சேடு என்ற ஊர்ப்பெயரின் ‘கொ’வை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. தேடினால் ஒன்று மற்றதைக் காணாது. தேடும்போது என்எஃப்சி என்ற சீராக்கம் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ‘ஸ்ரீ’ மட்டும் அதற்கு அடங்காது. 2005இல் ஒருங்குறியில் ஶ சேர்ந்தபின் அதை எழுத இரண்டு வழிகள் உண்டு, சீராக்கம் அவற்றை இணைப்பதில்லை. அங்கும் தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும்படி எழுதினால் போதும்; சேமித்த பெயரைத் தொட வேண்டியதில்லை.