அனாமத்துக் கணக்கு

கதை எழுதுகிறவன் கணக்கைப் பற்றி எழுத வந்திருப்பது வாசகர்களுக்கு விநோதமாகப் படலாம். ஆனால் சென்ற மாதம் முழுவதும் நான் வேறு எதையும் எழுதவில்லை. பத்து வருஷங்களுக்கு மேலாக என் வீட்டு வரவு செலவைக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமில் எழுதி வந்தேன். அதை நடத்தியவர்கள், இனி நடத்துவதாக இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஆகவே பழைய வரிகளை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வேறொரு புரோகிராமுக்குக் குடிபோக வேண்டியதாயிற்று. இதைக் குமாஸ்தா வேலை என்றுதான் ஆரம்பித்தேன். பாதி தூரம் போன பிறகு, இது விமரிசகன் வேலை என்று தெரிந்தது.

விமரிசகன் என்ன செய்கிறான்? ஏற்கெனவே எழுதி முடிந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, இது இன்ன ரகம், இதற்கு இன்ன மதிப்பு என்று சொல்கிறான். புதிய புரோகிராம் என்னிடம் கேட்டதும் அதுவேதான். ஒவ்வொரு வரியாக எடுத்துக் காட்டி, 'இது எந்தத் தலைப்பின் கீழ் வரும்?' என்று கேட்டது. கேள்வி சின்னது. பதில் சொல்லத்தான் ஒரு மாதம் பிடித்தது.

இந்தச் சங்கடம் எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. மைக்ரோசாப்ட் கம்பெனி தன்னுடைய 'மணி' என்ற புரோகிராமின் விற்பனையை 2009ல் நிறுத்திற்று. அமெரிக்காவில் ஏராளமான பேர் உபயோகித்து வந்த 'மின்ட்' 2024 மார்ச்சில் மூடப்பட்டது. காகிதத்தில் எழுதிய கணக்கைச் செல் அரிக்கலாம். ஆனால் அந்தச் செல்லுக்கும் சில வருஷங்கள் பிடிக்கும். இங்கே ஒரு கடுதாசி வந்தால் போதும். எழுதி வைத்ததை யாரும் படிக்கும்படியான சாதாரண எழுத்தில் திருப்பிக் கொடுக்காத எந்தப் புரோகிராமையும் நம்பலாகாது என்பது இதில் நான் கண்ட முதல் பாடம்.

என்னுடையது திருப்பிக் கொடுத்தது. கொடுத்த அழகைச் சொல்ல வேண்டும். பாங்கியிலிருந்து பத்தாயிரம் ரூபாய் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டால், பாங்கிக் கணக்கில் ஒரு வரியும் கையிருப்புக் கணக்கில் ஒரு வரியும் இருக்கும். இரண்டும் ஒரே காரியம். அவை தனித் தனி வரிகளாகப் போனதால் புதிய இடத்தில் இரண்டு காரியங்களாக நின்றன. தேதியிலும் குழப்பம். மூன்றாம் மாதம் நாலாம் தேதியா, நாலாம் மாதம் மூன்றாம் தேதியா என்று தெரியாமல் நூற்றுக்கணக்கான வரிகள் இடம் மாறிவிட்டன. தமிழில் நான் எழுதி வைத்த விவரங்களோ, எந்த முறையில் படிக்க வேண்டுமென்று புதியவருக்குத் தெரியாததால், வாயில் நுழையாத குறிகளாகிவிட்டன. தொகை வந்துவிட்டது, பேச்சு வரவில்லை. நல்லவேளையாகப் பழைய கணக்கை வருஷா வருஷம் அச்செடுத்து வைத்திருந்தேன்.

நான் குடிபோன இடம் 'குனுகேஷ்' என்ற இலவசப் புரோகிராம். அதில் ஒரு நல்ல குணம் உண்டு. பற்றுக்கு வரவும் வரவுக்குப் பற்றும் சரியாக இராத வரியை அது விடாது. 1494ல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பாச்சியோலி என்ற பாதிரியார் அச்சிட்டு வெளியிட்ட இரட்டைப் பதிவு முறைதான் இது. நம் பக்கத்துப் பேரேடும் ஐந்தொகையும் அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. எதிர்ப்பதிவு கிடைக்காத வரியை எல்லாம் குனுகேஷ் 'சமனாகாதவை' என்ற ஒரு தலைப்பில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. என் தாத்தா இதற்கு வைத்திருந்த பெயர் அனாமத்து. யாருடையது, எதற்காக என்று தெரியும் வரை ஒரு தொகையை நிறுத்தி வைக்கும் இடம். என்னுடைய பத்து வருஷ வாழ்க்கையில் பெரும் பகுதி முதல் நாள் அனாமத்தில் கிடந்தது.

அதைத் தலைப்புத் தலைப்பாகப் பிரிக்க உட்கார்ந்தேன். புரோகிராமே ஒரு ஜாபிதா தருகிறது: மோட்டார் வண்டி, துணிமணி, வெளியே சாப்பாடு, பரிசுகள், தர்மம், பொழுதுபோக்கு. நல்ல ஜாபிதாதான். ஆனால் எங்கள் ஒத்தக்கடையில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஆயிரத்து ஒரு ரூபாய் மொய் எழுதிவிட்டு வந்தால் அதை எங்கே வைப்பது? பரிசு என்று வைக்கலாம். பரிசு திரும்பி வர வேண்டும் என்று யாரும் நோட்டுப் போட்டு எழுதி வைப்பதில்லை. மொய்க்கு நோட்டு உண்டு. பெயர் உண்டு, ஊர் உண்டு, தொகை உண்டு. திருப்பிச் செய்யாதவனை ஊர் மறப்பதில்லை. அப்படியானால் கடன் என்று வைக்கலாமா? எந்தப் பத்திரமும் இல்லை, வட்டியும் இல்லை, தவணையும் இல்லை. அவர்கள் வீட்டில் விசேஷம் வந்தபோது நான் செய்தேன். என் வீட்டில் வரும்போது அவர்கள் செய்வார்கள். ஜாபிதாவை எழுதியவர் கெட்டிக்காரர்தான், ஆனால் அவர் எந்தக் கல்யாணத்திலும் மொய் நோட்டுக்கு முன்னால் நின்றவர் அல்ல. 'மொய்' என்றே ஒரு தலைப்பைத் திறந்தேன். வெளியூர் அளவுகோல் நம்முடைய நாவலுக்குப் பொருந்தவில்லை என்றால் நாவலை வெட்டுகிறோமா? இங்கேயும் அதே நியாயம்தான்.

இதுவரை எல்லாம் சுலபம். பிறகு 2017ம் வருஷத்து வரி ஒன்று வந்தது. நாற்பதாயிரம் ரூபாய். தலைப்பு: குடும்பச் செலவு. அச்செடுத்த தாளைப் புரட்டிப் பார்த்தேன். 2017ல் எடுத்த தாளில் தலைப்பு 'கடன்' என்று இருந்தது. விவரம்: 'தம்பிக்கு. திரும்பி வரும்.' 2020ல் எடுத்த தாளில் அதே வரி, அதே தேதி, அதே விவரம். தலைப்பு மட்டும் 'குடும்பச் செலவு'. மாற்றியவன் நான்தான். வேறு யார் மாற்றப் போகிறார்கள்? ஏதோ ஒரு நாள் மனம் கசந்து, இனி வராது என்று தீர்மானித்து, கடனைச் செலவாக்கியிருக்கிறேன். என்றைக்கு, எதனால் என்பது ஞாபகமில்லை. பழைய புரோகிராம் ஒரு கேள்வி கேட்காமல் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. 2017லேயே நான் தம்பியைக் கைவிட்டவன் போல அந்த வரி நிற்கிறது. அது பொய். 2017ல் நான் நம்பினேன்.

அன்றைய நம்பிக்கையின் மேல் இன்றைய தீர்ப்பை எழுதி, தேதியை மட்டும் பழையதாகவே விட்டுவைப்பதை மோசம் என்றுதான் சொல்ல வேண்டும். எழுத்தாளர்களிலும் இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. இருபது வயதில் எழுதிய கதையை நாற்பது வயதில் திருத்தி, கீழே பழைய வருஷத்தையே போட்டுவிடுகிறார்கள். படிக்கிறவன் இருபது வயதிலேயே இவ்வளவு விவேகமா என்று வியந்து போகிறான். நானும் ஒரு முறை செய்திருக்கிறேன். ஆகையால் பெயர் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

என் தாத்தாவின் கணக்கு நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒத்தக்கடையில் மளிகை வைத்திருந்தவர். 1957 ஏப்ரல் முதல் தேதி அணா பைசா போய் நயா பைசா வந்தது. அவருக்கும் அன்றைக்கு ஒரு குடிபெயர்ச்சிதான். பதினாறு அணா ரூபாய் நூறு நயா பைசா ரூபாய் ஆயிற்று. ஓர் அணா ஆறேகால் நயா பைசா. கால் பைசா நாணயம் கிடையாது. அதனால் ஓர் அணாவுக்கு ஆறு, இரண்டணாவுக்குப் பன்னிரண்டு, மூன்றணாவுக்குப் பத்தொன்பது, நாலணாவுக்கு இருபத்தைந்து என்று வைத்தார்கள். ஓரணாச் சாமானைப் பதினாறு தரம் விற்றால் கடைக்காரனுக்குத் தொண்ணூற்றாறு பைசாதான். தாத்தா என்ன செய்தார்? மார்ச் முடிய உள்ள பக்கங்களை அவர் தொடவே இல்லை. கடைசியில் இருப்பு ரூ. 237-11-0 என்று கட்டி, கோடு போட்டார். மறு பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன் கீழ் ரூ. 237.69. பதினோரு அணாவுக்கு அறுபத்தெட்டே முக்கால், முழுதாக அறுபத்தொன்பது. பக்கத்திலேயே 'காசு மாறின வித்தியாசம்' என்று ஒரு வரி. அவ்வளவுதான். நோட்டு முழுவதிலும் அவர் எதையும் சுரண்டி அழித்ததில்லை. தப்பு வந்தால் மேலே ஒரு கோடு, தப்பும் படிக்கத் தெரியும்; கீழே அன்றைய தேதியில் சரியான வரி.

இதைக் கண்ட பிறகு எனக்கு வழி தெரிந்தது. தலைப்பு வாசகனுடையது, அதைப் புதிதாக வைத்துக்கொள்ளலாம். மொய்க்கு மொய் என்று பெயர் வைப்பதில் குற்றமில்லை. தேதியும் தொகையும் விவரமும் எழுதியவனுடையவை. அவற்றில் கை வைக்கக் கூடாது. மனம் மாறினால், மாறின தேதியில் ஒரு புதிய வரி. தம்பியின் நாற்பதாயிரத்தை 2017ம் தேதியிலேயே அவன் பெயரில் கடனாகத் திருப்பி எழுதினேன். விவரத்தைத் தாளைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் அடித்தேன். தள்ளுபடி செய்வதானால் இன்றைய தேதியில் ஒரு வரி போட்டால் தீர்ந்தது. போட உட்கார்ந்தேன், போடவில்லை.

அன்று சாயங்காலம் நரசிங்கம் வரை நடந்துவிட்டு வந்தேன். ஆனைமலை அடிவாரத்துக் குடைவரைக் கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அங்கே பாறையில் வட்டெழுத்தில் ஒரு கணக்கு எழுதியிருக்கிறது. நெடுஞ்சடையன் பராந்தகனின் மந்திரி மாறன் காரி 770ம் ஆண்டு வாக்கில் இந்தக் கோயிலைக் குடைவித்தான். குடமுழுக்குச் செய்யுமுன் இறந்துபோனான். அவன் பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து, குடமுழுக்கும் செய்து வைத்தான். முழுவதையும் தன் பேரிலேயே எழுதிக்கொள்ள அவனுக்குச் சௌகரியம் இருந்தது; கேட்கிறதற்கு அண்ணன் இல்லை. அப்படிச் செய்யாமல், அண்ணன் செய்தது இவ்வளவு, விட்டுப்போனது இது, தான் செய்தது இது என்று வரி வரியாகப் பிரித்து எழுதச் செய்திருக்கிறான். ஆயிரத்து இருநூற்று ஐம்பது வருஷத்துக்கு மேலாயிற்று. அந்தக் கணக்கை யாரும் வேறு தலைப்புக்கு மாற்றவில்லை.

திரும்பி வந்து பார்த்தேன். அனாமத்தில் இன்னும் பதினேழு வரிகள் இருந்தன. வருஷம் முடிவதற்குள் அனாமத்தைத் தீர்த்துவிட வேண்டும் என்பது கணக்கர்களின் விதி. நியாயமான விதிதான். ஆனால் நிச்சயமாகத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகப் பாவித்து எங்கேயாவது தள்ளிவிடுவதைக் காட்டிலும், தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு ஒரு பக்கம் திறந்து வைத்திருப்பது மேல் என்று எனக்குப் படுகிறது. அந்தப் பதினேழையும் அப்படியே விட்டிருக்கிறேன்.