ஊசி, உளுந்து, பாடப்புத்தகம்

சென்னையின் பாடி ஷிப்ட் கணக்கில் வாழும் ஊர். 1960களில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்ததிலிருந்து இங்கே அடுப்பு பற்றவைப்பதும் பிள்ளைகளை அனுப்பி வைப்பதும் ஷிப்டை ஒட்டித்தான். அப்படிப்பட்ட ஊரிலும் பள்ளி வேன் வந்து நிற்காத அடுக்ககவீடு ஒன்றிரண்டு இருக்கும். அங்கே காலையில் கணக்கு, பிறகு சமையலறை, மத்தியானம் துண்டுத்துணித் தையல், சாயங்காலம் வாசிப்பு என்று வாரம் ஓடும். ஹோம்ஸ்கூலிங் என்றதும் அக்கம்பக்கத்தில் கேட்பது, “இதில் என்ன படிப்பு வந்துவிடும்?” என்றுதான். படிப்பு நன்றாகவே வரும். என் குறை வேறிடத்தில்.

துணியை எடுத்துக்கொள்வோம். பழைய நூல்புடவையை நாலாக மடித்து, ஓட்டுத்தையல் போட்டுக் கைக்குழந்தைக்கு விரிப்பது நம் வீடுகளில் எப்போதும் உண்டு. துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைக்கும் குவில்ட் அதைவிடக் கறாரானது. தைத்து முடித்தபின் ஆறங்குலம் நிற்க வேண்டிய சதுரத்தை ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். பக்கத்துக்குக் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். எட்டுச் சதுரம் சேர்ந்த ஒரு வரிசைக்கு ஏழு தையல். பிள்ளை ஒவ்வொரு தையலிலும் ஒரே ஒரு நூல் கூடுதலாகப் பிடித்துவிட்டது என்று வையுங்கள். இரண்டு துண்டிலும் சேர்ந்து தையலுக்கு இரண்டு நூல், மொத்தம் பதினான்கு. எட்டு நூல் ஓர் அங்குலம் என்றால் வரிசை ஒன்றேமுக்கால் அங்குலம் குட்டை. அடுத்த வரிசையோடு அது சேரவே சேராது. பிரித்துத்தான் தைக்க வேண்டும். பின்னக்கணக்கை மனதில் இப்படி அறைகிற பயிற்சிப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் அப்பாவாக இருந்தால் மகளின் அவஸ்தை சொல்லாமலே விளங்கும்.

சமையலை இந்த அளவு நம்ப மாட்டேன். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு அரைத்த மாவு மே மாதத்தில் விடியுமுன் பொங்கி வழியும், மார்கழியில் மத்தியானம் ஆனாலும் அசையாது. லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியாவின் வேலை அது. ஆனால் மாவு கரைத்த பிள்ளை உயிரியல் படித்துவிட்டதாகப் பெருமைப்படுவது அவசரம். எத்தனை மணிக்கு வைத்தோம், எவ்வளவு உயர்ந்தது, உப்பைக் குறைத்தால் என்னவாகும் என்று யாராவது கூடவே நின்று கேட்டு, எழுத வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் ஒத்தாசை.

அந்த ‘யாராவது’ பெரும்பாலும் அம்மா. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டுவேலை பார்க்கும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுவதாகவும் அப்படி வேலை பார்க்கும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதாகவும் தெரிந்தது. அதற்கு மேல் ஆசிரியர் வேலையையும் அம்மா தலையில் ஏற்றிவிட்டு, குடும்பமே சேர்ந்து பிள்ளையை வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

தமிழ்நாட்டில் ‘வீட்டிலேயே கற்கட்டும்’ என்ற பேச்சுக்குப் பழைய வடு ஒன்றும் உண்டு. 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப்பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மிச்ச நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று சொல்லிப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் போயிற்று. கைவேலையால் அறிவு வளரும் என்ற வாதம் அன்றும் சொல்லப்பட்டதுதான். வீட்டில் சவரக்கத்தி மட்டுமே இருக்கிற பிள்ளையின் கதி என்ன என்பதற்குத்தான் அதனிடம் பதிலில்லை.

இன்றைய அடுக்ககத்துப் பிள்ளைக்கு அந்த ஆபத்து இல்லை. அலமாரி நிறையப் புத்தகம், கையில் இணையம். அதற்குக் கிடைக்காமல் போவது அடுத்த வீட்டுப் பிள்ளை. குவில்ட் கலையே கூட்டத்தில் வளர்ந்ததுதான். அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற சின்ன ஊரின் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலையுடுப்புகளில் தைத்த விரிப்புகள் 2002இல் அருங்காட்சியகம் ஏறின. அவர்கள் ஒருவர் விரிப்பை ஒருவர் பார்த்து, ஒன்றாக உட்கார்ந்து தைத்துப் பழகியவர்கள்.

சாப்பாட்டு விஷயமும் இதேதான். காமராஜர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு என்று நம் அரசுகள் பிள்ளைகளை வகுப்புக்கு இழுத்ததே தட்டை வைத்துத்தான். வீட்டுச் சாப்பாடு அதைவிட ருசி, சுத்தம் என்பதை மறுக்கவில்லை. யார் கை சமைத்தது என்று கேட்காமல், யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தின்னும் பழக்கம் மட்டும் வீட்டு மேசையில் வராது.

சட்டம் பெரிதாகத் தடுப்பதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காதவருக்குத் தண்டனை சொல்லவில்லை. பிந்தி வரும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ளவும் இடம் தருகிறது. 14 வயதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். தேர்வு என்று வந்துவிட்டால் ஊசியும் துணியும் ஒதுங்கி, வீடும் டியூஷன் சென்டர் ஆகிவிடும். ஆகவே எட்டு ஒன்பது வயதுவரை இதைத் தாராளமாகச் செய்யலாம், அதற்குமேல் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஊசியையும் மாவுச் சட்டியையும் சனி, ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பேன்.

முழுதாக இறங்கியே தீருவோம் என்பவர்கள் முன்னதாக ஒரு வாரம் அம்மாவை ஊருக்கு அனுப்பிவைத்துப் பார்க்கட்டும். அந்த வாரமும் அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு மாவு அரைத்து, தையல் பிரித்து, பின்னக்கணக்கு சொல்லிக்கொடுத்துச் சமாளித்தால் தாராளமாகப் பள்ளி வேனை நிறுத்திவிடலாம்.