யாருக்கு மரியாதை?

கெங்கவல்லியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ‘பெரியாரைப் படித்து வளர்ந்தவன் நான். என் மாமியாரோ பல்லி கத்தினால் பயணத்தையே தள்ளிப்போடுகிறார். முட்டாள்தனம் என்று தெரிந்தும் அடுத்தவர் நம்பிக்கையை மதிக்கத்தான் வேண்டுமா?’

மாமியார் விவகாரத்தில் தலையிட எனக்குத் தைரியம் கிடையாது சார். ஆனால் கேள்வி லேசுப்பட்டதல்ல. உங்கள் ஊரிலிருந்து ஆத்தூர், சேலம், சங்ககிரி என்று பஸ் மாறிப் போனால் திருச்செங்கோடு வரும். அங்கே இதே கேள்வி, ஓர் எழுத்தாளரைப் பேனாவைக் கீழே வைக்க வைத்தது.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010-ல் வெளிவந்தது. காளி, பொன்னா என்று பிள்ளையில்லாத விவசாயத் தம்பதி. அர்த்தநாரீசுவரர் கோயில் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவு, பிள்ளையில்லாத பெண் முன்பின் தெரியாத ஆணைச் சாமியாகப் பாவித்துச் சேரலாம், பிறப்பது சாமி கொடுத்த பிள்ளை என்றொரு வழக்கம் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்ததாகக் கதை. நாலு வருஷம் ஊர் சும்மா இருந்தது. 2014 டிசம்பரில் புத்தகத்தை எரித்தார்கள். 2015 ஜனவரியில் கடையடைப்பு. 12-ம் தேதி நாமக்கல் கலெக்டர் ஆபீஸில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’. எழுத்தாளர் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துப்போனதாக ஃபேஸ்புக்கில் அறிவித்தார்.

‘எங்கள் நம்பிக்கையைப் புண்படுத்திவிட்டார்’ என்பது குற்றச்சாட்டு. சரி, நாவலைப் படித்துப் பார்ப்போம். மலைமேல் வறடிக்கல்லை உயிரைப் பணயம் வைத்துச் சுற்றுகிறாள் பொன்னா. அந்த இடத்தில் ஒரு நக்கல் அடித்துவிட்டுப் போவது சுலபம். பெருமாள்முருகன் அடிக்கவில்லை. ஊரும் உறவும் ‘வறடி’ என்று குத்திக்கொண்டே இருந்தால், ஒருத்தி கல்லைச் சுற்றாமல் என்னதான் செய்வாள் என்று நம்மைக் கேட்க வைக்கிறார். அதற்காக, சுற்றினால் பலிக்கும் என்றும் அவர் சொல்லவில்லை. நம்புகிறவள் மேல் மரியாதை, நம்பிக்கை மேல் கேள்வி. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? ‘அப்படி ஒரு வழக்கமே இல்லை’ என்றார்கள். கவனியுங்கள், தாங்கள் நம்பாத ஒன்றை எழுதியதற்குத்தான் கோபம். அடிபட்டது சாமி அல்ல. ஊர்ப் பெருமை, சாதிப் பெருமை. அந்த வலி பொய் என்று சொல்லமாட்டேன். மறுத்து எழுதலாம், ஆதாரம் கேட்கலாம். கடையடைப்பு எதற்கு? மதிப்பு என்ற பெயரில் அவர்கள் கேட்டது வாய்ப்பூட்டு.

2016 ஜூலை 5-ம் தேதி சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கவுல், புஷ்பா சத்தியநாராயணா இருவரும் அந்த நாமக்கல் ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றார்கள். பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போடலாமே என்றும் கேட்டார்கள். எழுத்தாளர் உயிர்பெற்று வந்தார்.

மறுபக்கமும் உண்டு. 1953 மே மாதம் திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் பிள்ளையார் சிலையை உடைத்தார். அது வெறும் மண் பொம்மைதானே என்று கீழ்க் கோர்ட்டுகள் வழக்கைத் தள்ளின. 1958-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. ஒரு பிரிவினர் புனிதம் என்று கருதும் பொருள் எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும், அவர்கள் உணர்வைக் கோர்ட் மதிக்க வேண்டும் என்றது. ஆனால் விஷயம் பழசாகிவிட்டதால் மேற்கொண்டு விசாரணை வேண்டாமென்று விட்டது.

தன் கைப்பொம்மையை உடைக்கப் பெரியாருக்கு உரிமை உண்டு என்பதுதான் என் கட்சி. ஆனால் உடைகிற சத்தத்தில் பக்தர் காதைப் பொத்திக்கொள்கிறார். பொன்னாவின் கதையில் அவரும் கொஞ்சம் யோசிப்பார். அதனால்தான் இந்த நாவல் பெரிய விமர்சனம் என்கிறேன்.

நான் பி.காம். படித்தவன். ஆள்சார் கணக்கு வேறு, சொத்துக் கணக்கு வேறு என்று சொல்லிக்கொடுத்தார்கள். மரியாதையை ஆள் பேரில் எழுதுங்கள். நம்பிக்கை என்பது சரக்கு. தட்டிப் பார்த்து, எடை போட்டுத்தான் அதற்கு விலை.

ஆகவே கெங்கவல்லி சார், பல்லிக்காக மாமியார் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸில் கூடவே போங்கள். அதே பல்லிக்காகப் பேத்தியைப் பரீட்சைக்கு அனுப்ப மறுத்தால் விடாதீர்கள், சண்டை போடுங்கள். ‘அத்தை’ என்று கூப்பிட்டே போடலாம்.