கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே

வெள்ளிக்கிழமை பின்னேரம் சனையா கொஞ்சம் அடங்கும். ஜும்மா முடிந்து, துவைத்த துணி கொடியில் ஏறி, மீன் குழம்பும் இறக்கியான பிறகு, இந்தத் தோஹா தொழில்பேட்டையின் லாரி இரைச்சல்கூடத் தொலைவுக்குப் போய்விடும். அந்த நேரத்தில்தான் எங்கள் அறையின் கீழ்க்கட்டில் அண்ணன் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைப்பார். திரையில் நெற்றி நிறைய விபூதி, நடுவே குங்குமம், முன்னால் ஆர்மோனியப் பெட்டி. மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன்.

"பாட்டை அப்புறம் கேளு தம்பி, கையைப் பாரு" என்பார் அண்ணன்.

இரண்டு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. வலது கையின் அழகு எல்லோருக்கும் தெரிந்தது: கட்டைகளின் மேல் விரல்கள் ஓடுவதே தெரியாது, சுரம் மட்டும் உதிரும். என் கண் போய் நிற்பது இடது கையில். பெட்டிக்குள் இருப்பவை பித்தளை நாக்குகள். காற்று பட்டால்தான் பேசும். அந்தக் காற்றை அளந்து ஊட்டுகிறது துருத்தியில் படிந்த அந்த இடது கை. அடி முடிகிற இடத்தில் துருத்தி மெல்லத் தளரும். பல்லவிக்குத் திரும்பும் முன் ஒரே ஒரு சின்ன அழுத்தம். அவர் வாய் திறப்பதற்கு ஒரு கணம் முந்தியே பெட்டி மூச்சு வாங்கிக்கொள்ளும். இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள், அந்தக் கணம் பிடிபடும்.

இந்தப் பெட்டிக்கு ஒரு குறை உண்டு. கமகம் வராது. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே வழுக்கிச் செல்ல அதில் வழி இல்லை. அதைச் சொல்லித்தான் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. விஸ்வநாதன் அந்தக் குறையோடு சண்டை பிடிக்கவில்லை. கட்டை கொடுக்காததைத் தொண்டையால் கொடுத்தார். விரல் ஒரு சுரத்தில் நிற்க, குரல் அதைச் சுற்றி ஒரு வளையம் போட்டுவிட்டு அடுத்த கட்டையில் வந்து இறங்கும். கரகரத்த, சற்றே உடைந்த, உச்சிக்குப் போகும்போது பிள்ளைபோலாகிவிடும் அந்தக் குரல்! 'முகமது பின் துக்ளக்' படத்தில் அவர் அல்லாவை அழைத்துப் பாடியது எங்கள் அறையில் இரண்டு மதத்துக்காரர்களையும் கண் கலங்க வைக்கும்.

1928இல் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்தவர். ஸ்டுடியோவில் எடுபிடி வேலை, பிறகு சி.ஆர்.சுப்பராமனிடம் ஆர்மோனியம், 1952இல் வயலின்காரர் ராமமூர்த்தியோடு சேர்ந்து 'பணம்' படம், 1965இல் பிரிவு. இதெல்லாம் எல்லோரும் அறிந்த கதை.

ஒருநாள் யூடியூப் தானாக வேறொருவரைக் கொண்டுவந்து நிறுத்தியது. அமெரிக்கத் தெற்கில், லூசியானாவின் ஃபெரிடே என்கிற சிற்றூரில் 1935இல் பிறந்த ஜெர்ரி லீ லூயிஸ். வீட்டார் சொத்தை அடமானம் வைத்துப் பியானோ வாங்கிக் கொடுத்த பிள்ளை. 1957இல் ராக் அண்ட் ரோலில் ஊரை உலுக்கியவர், 1968 முதல் கண்ட்ரி பாட்டில் உருகவும் தெரிந்தவர். ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு நின்றபடியே வாசிக்கிறார். அண்ணன் முகம் சுளித்தார். நானோ இடது கையைப் பார்த்தேன். மேலே வலது கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கட்டைகளை வாரி இழுத்துக்கொண்டு போக, கீழே இடது கை ரயில்போலத் தடதடத்தபடி தாளம் பிசகாமல் ஓடுகிறது. பியானோவிலும் சுரத்தை வளைக்க முடியாதே. அந்த வாரி இழுப்புதான் அவருடைய கமகம் என்று தோன்றியது. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் இசையமைத்த 'புதிய பறவை'யின் பியானோவை எடுத்துக்காட்டி அண்ணனைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

அண்ணனிடமும் ஒரு பெட்டி இருக்கிறது. ஊரிலிருந்து வந்த பழசு. ஏசி வறட்சியில் துருத்தியின் மடிப்பு வெடித்து, ஒட்டுப் போட்டிருக்கிறார். போன வாரம் மணல் புகுந்து ஒரு கட்டை ஊமையாகிவிட்டது. மூடியைக் கழற்றி, ரசீதுத் தாளைக் கிழித்து, அந்த நாக்குக்கு அடியில் விட்டு, குழந்தையின் காதைத் துடைப்பதுபோல இழுத்தார். ஒரு மணல் துணுக்கு வந்தது. பொட்டளவுகூட இல்லை.

சோதித்துப் பார்க்க நாலரைக் கட்டையில் சுருதி பிடித்தார். அங்கிருந்து தொடங்கினால் மோகனத்தின் ஐந்து சுரமும் கறுப்புக் கட்டைகளிலேயே அடங்கிவிடும். வெள்ளையைத் தொடவே வேண்டாம். விஸ்வநாதன் மோகனத்தில் மெட்டமைத்த தமிழ்த்தாய் வாழ்த்தை மெல்ல எடுத்தார். ஊமைக் கட்டையின் முறை வந்தது. பேசியது.

நைட் டூட்டி முடித்து மேல்கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த பையன் போர்வையோடு எழுந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, எந்திரிச்சு நிக்கணுமா?"