தூண்களுக்கு முன்னால் ஒரு சாய்தளம்

1993 வெனிஸ் பியெனாலேயில் ஜெர்மனி அரங்குக்குள் போனவர்களை வாசலிலேயே நிறுத்தியது ஹிட்லரின் புகைப்படம். 1934இல் அவர் இதே விழாவுக்கு வந்தபோது எடுத்தது. அதைத் தாண்டினால் தரையே இல்லை. ஹான்ஸ் ஹாக்கே பளிங்குத் தளத்தை உடைத்துப் போட்டிருந்தார். கால் வைத்தால் கற்கள் புரளும், சத்தம் போடும். பின்சுவரில் ஒரே சொல்: ஜெர்மானியா.

இந்தக் கோபத்தைக் கிளப்பியது கட்டடம்தான். 1909இல் டேனியலே டோங்கி வடிவமைத்தபோது அது பவேரியாவின் அரங்கு. 1912இல்தான் ஜெர்மனியின் பெயருக்கு வந்தது. 1938இல் நாஜி அரசுக்காக எர்ன்ஸ்ட் ஹைகர் அதை மாற்றிக் கட்டினார். வாசலில் உயரமான சதுரத் தூண்கள். உள்ளே வருகிறவன் தன்னைச் சின்னவனாக உணரணும், அவ்வளவுதான். போருக்குப் பின் ஸ்வஸ்திகா போனது. தூண்கள் அப்படியே நிற்கின்றன.

ஹாக்கே, அதே அரங்கில் பங்கேற்ற நாம் ஜுன் பைக் இருவருக்கும் சேர்த்துத் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது. அதன்பின் இந்தக் கட்டடத்தோடு மோதுவதே ஒரு மரபாகிவிட்டது. 2017இல் அன்னே இம்ஹோஃப் கண்ணாடித் தளம் போட்டு அதன் அடியில் ஆட்களை ஊர்ந்து போக வைத்தார். வெளியே டோபர்மேன் நாய்கள். அதற்கும் தங்கச் சிங்கம். எனக்குச் சங்கடம் இங்கேதான். இம்ஹோஃப் அந்த மிரட்டலை எதிர்க்கிறாரா, இல்லை இரவல் வாங்குகிறாரா?

2022இல் மரியா ஐக்ஹார்ன் நிதானமாக வந்தார். சுவர்ப் பூச்சைச் சுரண்டினார், தரையைத் தோண்டி அஸ்திவாரத்தைக் காட்டினார். 1909 எங்கே முடிகிறது, 1938 எங்கே ஒட்டப்பட்டது என்பது வெட்டவெளிச்சமானது. பழைய மென்பொருளோடு மல்லுக்கட்டும் என் போன்றவர்களுக்கு இது பழக்கமான காட்சி. புதுசு என்று மார்தட்டுவதற்குள்ளே பழசுதான் பாரம் சுமக்கும். ஆயிரமாண்டு நிற்கப்போவதாகப் பாவனை செய்த கம்பீரம், வெறும் ஒட்டுவேலை. உடைப்பதைவிட இது பெரிய அவமானம்.

ஆனாலும் என் வாக்கு அடுத்த வருடத்துக்கே. 2023 கட்டடக்கலை பியெனாலேயில் ஐக்ஹார்னின் தோண்டல்களை மூடாமல் விட்டார்கள். முந்தைய விழாவில் மற்ற நாடுகளின் அரங்குகள் கழித்துப்போட்ட பொருட்களைச் சேகரித்து உள்ளே அடுக்கினார்கள். பட்டறை ஒன்று வைத்தார்கள். வாசலில் சக்கர நாற்காலி ஏறுவதற்கு ஒரு சாய்தளம்.

இடித்துவிடலாம் என்பவர்கள் உண்டு. இடித்தால் கேள்வியும் சேர்ந்து போய்விடும். விழாதோறும் உடைத்தால் அது சடங்காகிவிடும். ஆட்களை அண்ணாந்து பார்க்க வைக்கக் கட்டிய வாசலில், யாரும் தானாக உருட்டிக்கொண்டு ஏறிவர வழி செய்வது வேறு வேலை. விமர்சனம் என்றால் எனக்கு அதுதான்.