பகடையில் விழுமா மல்லி விலை?

தனியாக உட்கார்ந்து ஆடும் வியாபார விளையாட்டில் எதிரே ஆளில்லை. பேரம் பேசவோ போட்டிக்கு வாங்கவோ ஒருவரும் இல்லாததால் விலைதான் எதிராளி. அதை எதைக் கொண்டு ஏற்றி இறக்குவது என்பதில்தான் விளையாட்டின் உயிர் இருக்கிறது. புழக்கத்தில் உள்ள வழிகளை மதுரை மல்லியில் உரசிப் பார்க்கலாம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பூ இது. கோடையில் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மூட்டை மூட்டையாக வந்து கிலோ சில நூறு ரூபாய்க்குப் போகும். பனிக்காலத்தில் வரத்து சுருங்கி, பொங்கலை ஒட்டிச் சில ஆயிரங்களைத் தொடும்.

இரண்டு பகடையை உருட்டி, வந்த எண்ணை நூறால் பெருக்குவது எளிய வழி. 200க்கும் 1,200க்கும் நடுவே விலை ஆடும். ஆனால் இன்று 300 விழுந்தால் நாளை அதைவிடக் கூடுதலாக விழ 36இல் 33 வாய்ப்பு. வாங்கி வைத்து மறுநாள் விற்க வேண்டியதுதான், மூளைக்கு வேலையில்லை. மல்லியை வைத்திருக்க முடியாதே என்பீர்கள். சரிதான், இன்றைய மொட்டு பொழுது சாய்ந்தால் விரிந்துவிடும். ஆனால் வைத்திருக்கவே முடியாத சரக்குக்கு நாளைய விலை எதுவானால் என்ன? முன்பு விடை தெரிந்த கேள்வி இருந்தது, இப்போது கேள்வியே இல்லை.

நேற்றைய விலையிலிருந்து ஒரு படி ஏற்றவோ இறக்கவோ செய்வது பார்வைக்கு நிஜச் சந்தை போல இருக்கும். எந்தப் பக்கம் போகும் என்பதற்குத்தான் துப்பே கிடைக்காது. இந்த முறையில் மேலும் கீழும் ஒரே அளவு படி வைப்பது இன்னொரு பிழை. மல்லி விலை சரியும்போது சென்ட் கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொள்வதால் கீழே ஒரு தாங்கல் உண்டு; முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மேலே கூரையே கிடையாது. ஆகவே படிகள் 200, 300, 450, 700, 1,000, 1,500 என்று விரிந்துகொண்டே போக வேண்டும்.

வாங்க வாங்க விலை ஏறும் பலகை மூன்றாவது வழி. 2004இல் வந்த ஃப்ரீடமான் ஃப்ரீஸவின் 'பவர் கிரிட்' இதில் பேர்போனது: மலிவான நிலக்கரி முதலில் தீரும், அடுத்தவருக்கு விலை கூடும். பலர் ஆடும்போது அருமையான ஏற்பாடு. தனியாளுக்கு அது வாய்பாடு. தவிர, பத்துக் கிலோ வாங்கும் பூக்காரம்மாவால் மாட்டுத்தாவணி விலை அசையாது. (அவர் அசைப்பது முழத்தை, விலை ஏறிய நாளில் கை கொஞ்சம் குட்டையாகிவிடும்.)

மிஞ்சுவது சீட்டுக்கட்டு. மிகுந்த வரத்து 4, நடுத்தரம் 4, குறைந்த வரத்து 4 என்று பன்னிரண்டு சீட்டு. முதல் ஆறில் மிகுந்த வரத்து நான்கும் நடுத்தரம் இரண்டும் போய்விட்டால், நாளை வரத்து குறைய மூன்றில் இரண்டு வாய்ப்பு. நேற்றைப் பார்த்தவனுக்கு இன்றைப் பற்றி ஏதோ தெரிகிறது. குறை இல்லாமல் இல்லை. வயலில் பூக்கத் தொடங்கினால் சில நாள் தொடர்ந்து பூக்கும். கட்டோ ஒரு நாள் மிகுந்தால் மறுநாள் குறையவே சாயும். கோடைக்கு ஒரு கட்டு, பனிக்கு ஒரு கட்டு எனப் பிரித்து, தொடக்கத்திலேயே மூன்று சீட்டைப் பார்க்காமல் ஒதுக்கினால் இந்தப் பொய் பொறுக்கக்கூடியதாகிறது.

என் தீர்ப்பு கட்டின் பக்கம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. முகூர்த்த நாட்கள் பஞ்சாங்கத்தில் இருப்பதுபோல் மேசையில் திறந்தே கிடக்க வேண்டும். வரத்து மட்டும் கவிழ்ந்த சீட்டில் இருக்கட்டும். பத்து நாள் முன்னதாகவே கல்யாண வீட்டுக்கு மாலையும் சரமும் இன்ன விலைக்கு என்று ஆட்டக்காரர் ஒப்புக்கொண்டு அட்வான்ஸ் வாங்க வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் சீட்டுக்கட்டும் பகடையும் ஒன்றுதான். இருந்தால், கிலோ 450க்குக் கணக்குப் போட்டு ஆர்டர் எடுத்தவர், குறைந்த வரத்துச் சீட்டுகள் இன்னும் எத்தனை பாக்கி என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்.